உப்பேரியிலிருந்து ஈரநிலம் வரை: கிழக்குக் கொல்கத்தா நீர்ப்பரப்பின் சொல் வரலாறு

கொல்கத்தா மாநகரின் கிழக்கு எல்லையை ஒட்டிப் பரந்து கிடக்கும் நீர்நிலைகளும் வயல்களும் இன்று 'கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள்' என வழங்கப்பெறுகின்றன. நகரின் கழிவுநீரைப் பெற்று மீனும் நெல்லும் காய்கறியும் விளைவிக்கும் இந்நிலப்பகுதியைப் பற்றிச் சூழலியலாரும் பொறியியலாரும் மிகுதியாக எழுதியுள்ளனர். மொழியியல் நோக்கில் இதனை அணுகியோர் குறைவு. ஆயினும் இந்நிலத்தின் நூற்றைம்பதாண்டு வரலாறு ஒருவகையில் பெயரிடலின் வரலாறே ஆகும். ஆவணத்தில் எப்பெயர் எழுதப்பெற்றதோ அதனைப் பொறுத்தே இந்நிலம் காக்கப்பட்டது, அல்லது தூர்க்கப்பட்டது. உள்ளாட்சி அமைப்புகளும் மாநில அரசும் வகுத்த திட்டங்களில் இடம்பெற்ற சொற்களுக்கும் அந்நிலத்தில் உழைப்போர் வழங்கிய சொற்களுக்கும் இடையில் நெடுங்காலமாக ஓர் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இத்தகைய ஆவணங்கள் தமிழிலும் பெயர்க்கப்பட்டு வருவதால், மொழிபெயர்ப்பாளர்க்கு இதில் நேரடியான பயன் உண்டு எனக் கருதுகிறேன்.

உப்பு நீங்கிய உப்பேரி

ஹூக்ளி ஆற்றின் கரை மேடானது. அங்கிருந்து நிலம் கிழக்கு நோக்கிச் சரிகிறது. நகரின் வடிகால் ஆற்றை நோக்கி அமைவது இயற்கைச் சரிவுக்கு முரணானது என்பதை 1803-இல் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி எழுதிய குறிப்பே சுட்டியிருந்தது. நகராட்சிப் பொறியாளர் வில்லியம் கிளார்க் 1855-இல் முன்வைத்த நிலத்தடிக் கழிவுநீர்த் திட்டம் அச்சரிவைப் பின்பற்றிக் கிழக்கே சென்றது. கிழக்கே வித்யாதரி ஆறும் அதன் ஓதநீர் ஏறி இறங்கும் பரந்த உவர்நீர்ப் பரப்பும் இருந்தன. ஆங்கிலேயர் வரைந்த படங்களில் அப்பரப்பு 'உப்புநீர் ஏரி' என்னும் பெயரில் காணப்படுகிறது.

இப்பெயர் நிலத்தின் ஒரு காலத்திய நிலையை மட்டுமே குறித்தது. வித்யாதரியில் வண்டல் படிந்தது. ஓதம் ஏறி இறங்கப் பரப்புக் குறையக் குறைய ஆறு மேலும் மேலும் தூர்ந்தது. 1928-இல் பாசனத் துறை அதனை வடிகாலுக்குப் பயன்படாத, இறந்துபோன ஆறு என அறிவித்தது. கடல்நீர் வரத்து நின்றதும் உப்புத்தன்மை படிப்படியாக நீங்கியது. பின்னர் மாநகராட்சிப் பொறியாளர் பி. என். தே வகுத்த திட்டத்தின்படி, நகரின் கழிவுநீரைக் கிழக்கே குல்டி ஆற்றுக்குக் கொண்டு செல்லும் கால்வாய்கள் 1943-இல் செயற்பாட்டுக்கு வந்தன. உவர்நீர் மீன்கள் வாழ்ந்த இடத்தில் ரோகு, கட்லா, மிருகால் முதலிய நன்னீர்க் கெண்டை இனங்கள் வளர்க்கப்பட்டன. 'உப்பேரி' என்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. வங்காளத்தில் அதன் நேர்பெயர்ப்பான 'லவண ஹ்ரத்' என்பதும் வழக்கில் உள்ளது. இன்று அப்பெயரால் சுட்டப்படும் நகர்ப்பகுதியில் உப்பும் இல்லை; ஏரியும் இல்லை.

இடப்பெயர்கள் பொருளிழந்தும் வாழும் என்பது இடப்பெயராய்வினர் நன்கறிந்ததே. சென்னையில் வள்ளுவர் கோட்டத்தைச் சூழ்ந்த 'ஏரிப் பகுதி'யில் ஏரியைத் தேடுவார் யாரும் இலர். கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பு இத்தகைய பெயர்களால் நிறைந்தது. சிங்ரிகாட்டா என்பதன் முற்கூறு இறாலைக் குறிக்கும். பிற்கூறு படித்துறையைக் குறிக்கும். இன்று அது நெரிசல் மிகுந்த சாலைச் சந்திப்பு. ட்யாங்ரா என்பது அப்படியே ஒரு மீனின் பெயர். ஈரநிலப் பகுதிக்குள்ளேயே உள்ள கேயாதஹ என்னும் ஊராட்சியின் பெயரில் கேயா என்பது ஓடம் கடத்தலையும் தஹ என்பது ஆழமான மடுவையும் குறிப்பன. ஓடமும் மடுவும் போய்விட்டன. திட்ட வரைபடம் வரைவோர் இப்பெயர்களை வெறும் அடையாளச் சொற்களாகவே கொள்வர். ஆனால் நீர் முன்பு எங்கே நின்றது, எவ்வழியே சென்றது என்பதற்கு அளவைப் பதிவுகளுக்கு இணையான சான்று இவற்றில் உண்டு. நல்பன் என்னும் பெயர் இதற்கு மற்றொரு சான்று. 'நல்' என்பது நாணல் வகை. 'பன்' என்பது வனத்தின் வங்காள ஒலிப்பு. நாணற்காடாக இருந்த இவ்விடத்தைப் பின்னர் மீண்டும் காண்போம்.

குப்பையின் வரலாறு இதனோடு இணைந்தது. 1860-களில் நகராட்சி தாப்பாவில் ஒரு சதுர மைல் நிலத்தைக் குப்பை கொட்டுவதற்காகப் பெற்றது. 1879-இல் அந்நிலம் பவநாத் சென் என்பவருக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. அவர் குப்பை மேட்டில் கழிவுநீர் பாய்ச்சிக் காய்கறி பயிரிட்டார். நகராட்சிக்குக் 'குப்பைக்களம்' ஆனது உழவருக்குக் 'காய்கறித் தோட்டம்' ஆயிற்று. ஒரே நிலத்துக்கு இரு பெயர்கள் அமைந்த இந்நிலை அன்றே தொடங்கியது எனலாம்.

கரையின் பெயரால் அமைந்த குளம்

மீன் வளர்க்கும் இப்பெருங்குளங்களை வங்காளத்தில் 'பேரி' என்பர். இங்கு எழுத்துப்பெயர்ப்புப் பற்றி ஒரு சொல். வங்காளச் சொல்லின் இடைமெய் நாவளை வருடொலி. தமிழில் உயிரிடை டகரம் அவ்வொலிக்கு மிக அண்மையானது; ஆகவே ஒலியளவில் 'பேடி' என எழுதுவதே முறை. தமிழில் அச்சொல்லுக்கு உள்ள பொருள் கருதியே, ஆங்கில எழுத்து வழக்கைத் தழுவி, ரகரத்தைக் கொண்டேன். இதனைப் பேரிகையோடு மயங்க வேண்டா.

இச்சொல்லின் முதற்பொருள் கரை, அதாவது நீரைத் தடுக்க எழுப்பும் தாழ்வான மண் அணை என்பதே. கரை கட்டிய பின் உள்ளே நிற்கும் நீர்ப்பரப்பும் கரையின் பெயரையே பெற்றது. இது மொழியியலார் ஆகுபெயர் என்று கூறிக் கடந்து செல்லக்கூடிய செய்தி. ஆனால் பேரியின் இயல்பு முழுவதும் அந்த ஆகுபெயரில் அடங்கியுள்ளது. இக்குளங்கள் ஆழமற்றவை, பெரும்பாலும் ஆளளவு ஆழம்கூட இல்லை. அதனால் ஞாயிற்றொளி நீரின் அடிவரை ஊடுருவுகிறது. கழிவுநீரை அளவறிந்து உள்ளே விடும்போது பாசி செழிக்கிறது. பாக்டீரியா கழிவைச் சிதைக்கிறது. பாசியும் நுண்ணுயிரிகளும் மீனுக்கு இரையாகின்றன. கரையோரம் ஆகாயத்தாமரையைக் கட்டுப்படுத்தி வளர்ப்பர். அது அலையின் மோதலிலிருந்து கரையைக் காக்கும். கன உலோகங்களையும் ஓரளவு உறிஞ்சும். எந்நேரத்தில் மதகைத் திறப்பது, எப்போது அடைப்பது என்பதே இத்தொழிலின் நுட்பம். கரையும் மதகும் இல்லையேல் இது வெறும் சாக்கடைத் தேக்கம். எனவே பேரி என்பது இயற்கையாய் அமைந்த நீர்நிலை அன்று. நாள்தோறும் மனிதர் கையால் பேணப்படும் ஓர் அமைப்பு. இக்கருத்தைச் சொல்லே சுமந்து நிற்கிறது.

1953-ஆம் ஆண்டு மேற்கு வங்காள நிலவுடைமை கையகப்படுத்தும் சட்டம் இச்சொல்லை ஏற்கவில்லை. இடைத்தரகர் நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள வகைசெய்த அச்சட்டம் சில இனங்களுக்கு விலக்களித்தது. அவற்றுள் ஒன்று 'டேங்க் ஃபிஷரி', அதாவது குளத்து மீன்பண்ணை. இயற்கையாக அமைந்ததாயினும் தோண்டியதாயினும் கரை எழுப்பி அமைத்ததாயினும், மீன் வளர்க்கவோ பிடிக்கவோ பயன்படும் நீர்த்தேக்கம் என அதற்கு விளக்கம் தரப்பட்டது. 'டேங்க்' என்னும் சொல்லே ஒரு கலப்பு வரலாறு உடையது. போர்த்துக்கீசிய 'தாங்க்கே' என்பதும் மேற்கிந்திய மொழிகளில் நீர்த்தொட்டியைக் குறிக்கும் சொல்லும் அதில் ஒன்றியுள்ளன என்பது அகராதியாளர் கருத்து. தமிழ்நாட்டு ஏரி, குளம், கண்மாய், ஊருணி, தாங்கல் அனைத்தையும் விழுங்கிய அதே சொல்தான் வங்காளத்துப் புக்குர், தீகி, ஜீல், பேரி ஆகியவற்றையும் விழுங்கியது. விளைவு விந்தையானது. சட்டத்தின் விளக்கம் அகலமாக அமைந்ததால் பேரிகள் அதனுள் அடங்கின. பெரும் பேரிகளைப் பழைய உடைமையாளர் தம் வசமே வைத்துக்கொள்ள முடிந்தது. நீர் நீராகவே இருக்கும் வரையில்தான் அவ்விலக்கு. நிலச் சீர்திருத்தத்தின் நோக்கில் இது ஓட்டை. நீர்ப்பரப்பின் நோக்கில் இது காப்பு. உழுதொழிலாளர்க்கும் மீனவர்க்கும் இழப்பைத் தந்த ஒரு சொல் மீனுக்கும் பறவைக்கும் இடம் தந்தது என்பதை எளிதில் பாராட்டவும் இயலாது, பழிக்கவும் இயலாது.

மீட்பு என்னும் இருமுகச் சொல்

முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் முயற்சியால், நகர நெரிசலைக் குறைக்க உப்பேரியின் வடபகுதியைத் தூர்த்துப் புதுநகர் அமைக்கும் பணி 1962 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்டது. யுகோஸ்லாவிய நிறுவனமான இன்வெஸ்ட் இம்போர்ட் அப்பணியை ஏற்றது. ஹூக்ளி ஆற்றுப் படுகையிலிருந்து வண்டலை நீருடன் கலந்து, நகரைக் கடந்து செல்லும் குழாய்களின் வழியே கொணர்ந்து ஏரியில் நிரப்பினர். நகரமைப்பை வகுத்தவர் தோப்ரிவோயே தோஷ்கோவிச். ராய் அவ்வாண்டு ஜூலை முதல் நாள் மறைந்தார்; நகர் பின்னர் அவர் பெயரால் பிதான்நகர் ஆயிற்று.

இப்பணிக்கு ஆங்கில ஆவணங்களில் வழங்கிய சொல் 'ரிக்ளமேஷன்'. உரியதைத் திரும்பப் பெறுதல் என்பது அதன் சொற்பொருள். ஏரியிடமிருந்து யார் எதைத் திரும்பப் பெற்றனர்? முன்பு நிலமாக இராத ஒன்றை நிலமாக்குவதற்கு இச்சொல் ஆகிவருவது ஆங்கிலத்தின் வழக்கு. தமிழில் நாம் அதனை 'நிலமீட்பு' எனப் பெயர்க்கிறோம். வங்காளத்தில் 'உத்தார்' எனப் பெயர்த்தனர். சிக்கல் இங்கு முடியவில்லை. கெட்ட நீர்நிலையை மீண்டும் நீர்நிலையாக்கும் பணிக்கும், அதாவது 'ரெஸ்டோரேஷன்' என்பதற்கும், தமிழில் 'மீட்பு', 'மீட்டெடுப்பு' என்றே எழுதுகிறோம். வங்காளத்தில் 'புனருத்தார்'. ஏரியை அழிப்பதும் மீட்பு. அழிந்த ஏரியை உண்டாக்குவதும் மீட்பு. ஒரே பக்கத்தில் 'ஏரிப் பகுதி நில மீட்பு' என்றும் 'ஏரி மீட்பு' என்றும் எழுதப்பட்டால், முன்னதில் மண்ணும் பின்னதில் நீரும் வெல்கின்றன என்பதை வாசகர் இடம் நோக்கித்தான் உணர வேண்டும். கலைச்சொல்லாக்கத்தில் இதனைச் சிறு குறை என்று கொள்ளுதல் தகாது.

பேச்சு வழக்கில் இம்மயக்கம் இல்லை. குளத்தை மூடுவதை வங்காளிகள் 'பராட்' என்பர்; நிரப்புதல் என்று பொருள். 'போஜானோ' என்பதும் உண்டு. அடைத்தல், மூடுதல் என்று பொருள். தமிழிலும் 'தூர்த்தல்' என்ற தெளிவான வினை உண்டு. அதன் எதிர்ப்பணிக்குத் 'தூர்வாருதல்' என்பதும் உண்டு. ஒரே அடியிலிருந்து எதிரெதிர்ப் பொருள்களை ஐயமின்றிக் காட்டும் இவ்விணை நம் உழவர் மொழியில் இருக்க, திட்ட ஆவணங்களில் நாம் 'மீட்பு' என்பதையே பற்றிக்கொண்டிருப்பது வியப்பு. 'ரிக்ளமேஷன்' என்பதற்குத் 'தூர்ப்பு' என்றோ 'நிரப்பு' என்றோ எழுதினால் மூலத்தின் நற்பெயர் கெடும் என்று அலுவலர் அஞ்சலாம். மூலத்தின் பொருளைக் காப்பது மொழிபெயர்ப்பாளர் கடமை. அதன் நற்பெயரைக் காப்பதும் அவர் கடமையா என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

தூர்க்கும் பணி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1965-இல், ஆர். கே. கோஸ் என்னும் விலங்கியலார் உப்பேரியின் நல்பன் பகுதியிலிருந்து ஒரு கீரியைப் புதிய இனமாக விளக்கினார். அதற்கு அவர் இட்ட இலத்தீன் பெயர் ஹெர்பெஸ்டெஸ் பாலுஸ்ட்ரிஸ். பின்கூறுக்குச் 'சதுப்பில் வாழ்வது' என்று பொருள். சதுப்பு அழிந்துகொண்டிருந்த வேளையில் சதுப்பின் பெயரால் அது அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. பின்வந்த வகைப்பாட்டினர் பலர் அதனைத் தனி இனமாகக் கொள்ளாது, நாடெங்கும் பரவலாக வாழும் சிறு கீரியின் துணையினமாக அடக்கினர். பெயரின் தரம் குறைந்தவுடன் காப்பின் தேவையும் குறைந்துவிடும் ஆபத்து உண்டு. தனி இனம் என்றால் உலகில் இங்கு மட்டுமே வாழ்வது. துணையினம் என்றால் எங்கும் உள்ளதன் ஒரு வகை. விலங்கு மாறவில்லை, அதனைப் பற்றிய தொடர் மட்டும் மாறியது.

ஈரநிலம் வந்த வழி

1971-இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை 'வெட்லேண்ட்' என்னும் சொல்லுக்கு மிக அகன்ற விளக்கம் தந்தது. சதுப்பு, கரிச்சேற்று நிலம், நீர்ப்பரப்பு ஆகியன இயற்கையாயினும் செயற்கையாயினும், நிலையாயினும் தற்காலிகமாயினும், நன்னீராயினும் உவர்நீராயினும், கடற்பகுதியாயின் தாழ்நீரில் ஆறு மீட்டருக்கு மேற்படாத ஆழமுடையவாயினும் அதனுள் அடங்கும். 'செயற்கையாயினும்' என்னும் ஒரு சொல்லே பேரிகளுக்கு உலக ஆவணத்தில் வாயில் திறந்தது.

அவ்வாயிலின் வழியே இந்நிலத்தை அழைத்துச் சென்றவர் துருபஜோதி கோஷ் (1947–2018). மாநில அரசில் பணியாற்றிய பொறியாளரான இவர், 1980-களின் தொடக்கத்தில் நகரின் கழிவுநீர் எங்கே செல்கிறது என்று தேடிச் சென்று, அது மீனவர் கையில் தூய்மையாவதைக் கண்டு பதிவு செய்தார். இப்பகுதியை அவர் முதலில் 'கழிவு மறுசுழற்சி வட்டாரம்' என்று வரைபடத்தில் குறித்தார். 'கிழக்குக் கல்கத்தா ஈரநிலங்கள்' என்னும் பெயரும் அவர் வழியே பரவியது. 1990-இல் ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் திட்டம் வழங்கும் 'குளோபல் 500' சிறப்பை அவர் பெற்றார். உழைக்கும் மக்களின் அறிவை அறிவாகவே ஏற்காத மனப்பான்மைக்கு அவர் ஆங்கிலத்தில் இட்ட பெயரைத் தமிழில் 'அறிவுத் தீண்டாமை' எனலாம். தென்னாப்பிரிக்க இனஒதுக்கலைச் சுட்டும் சொல்லை அவர் பயன்படுத்தினார். நம் மொழியில் அதற்கு இன்னும் கூர்மையான சொல் இருப்பது நமக்குப் பெருமை அன்று.

1990-களின் தொடக்கத்தில் மாநில அரசு இப்பகுதியில் 227 ஏக்கரில் உலக வணிக மையம் அமைக்கக் கருதியது. பப்ளிக் என்னும் சுருக்கப் பெயருடைய குடிமக்கள் அமைப்பு உயர்நீதிமன்றம் சென்றது. 1992 செப்டம்பரில் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி அளித்த தீர்ப்பு, வரைபடத்தில் குறிக்கப்பட்ட பகுதியில் நிலப்பயன்பாட்டை மாற்றுவதைத் தடை செய்தது. நகர வளர்ச்சியையும் சூழற்காப்பையும் ஒரு தராசில் வைத்துப் பார்த்த அத்தீர்ப்பில் 'ஈரநிலம்' என்னும் சொல் சட்ட வலிமை பெற்றது. பொறியாளர் ஒருவர் வரைந்த படமும் அவர் வழங்கிய சொல்லும் நீதிமன்ற ஆணையின் எல்லைக்கோடுகள் ஆயின.

அடுத்த ஆண்டு, 1993-இல், மாநில உள்நாட்டு மீன்வளச் சட்டத்தில் 17அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. ஐந்து கட்டா, அதாவது 0.035 எக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பரப்பைத் தூர்ப்பதை அது தடுத்தது. ஆண்டில் ஆறு மாதமாவது நீர் தேங்கும் தாழ்நிலத்தையும் அது உள்ளடக்கியது. நீரின் பெயரைக் கேளாது, நீர் நிற்கும் காலத்தைக் கேட்ட விளக்கம் இது. சட்டமொழியில் நான் கண்ட நல்ல விளக்கங்களுள் இதனையும் ஒன்றாக வைப்பேன். குளமா, குட்டையா, பேரியா என்னும் வழக்காடலுக்கு இதில் இடமில்லை.

2002 ஆகஸ்டு 19-இல் 12,500 எக்டேர் பரப்பு ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2006-இல் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் பாதுகாப்பு மற்றும் மேலாண்மைச் சட்டம் நிறைவேறி, அதற்கெனத் தனி ஆணையமும் அமைந்தது. வரைபடத்தின் வகைப்பாடு நம் கவனத்துக்குரியது. 'பெரும்பாலும் நீர்நிலை சார்ந்த பகுதி' 5,852 எக்டேர், 'வேளாண் பகுதி' 4,719, 'உற்பத்திப் பண்ணைப் பகுதி' 603, குடியிருப்பு 1,326. மூன்றாவதாகக் கூறப்பட்டது வேறொன்றும் அன்று, குப்பை மேட்டுக் காய்கறித் தோட்டங்களே. 'குப்பை' என்ற சொல் மறைந்து 'உற்பத்தி' வந்தது. முதல் வகையில் 'பெரும்பாலும்' என்ற அடைமொழி பேரியின் இயல்புக்கு ஏற்றது. பராமரிப்புக்காக நீரை வடித்துக் காயவிடும் மாதங்களிலும் பேரி பேரியே. ஆனால் நெகிழ்ச்சிக்கு இடம் தரும் அடைமொழி, காய்ந்த பேரியை வேறு பெயரில் பதிவு செய்ய விரும்புவோர்க்கும் இடம் தரக்கூடும். மேற்கு வங்க நிலப் பதிவேட்டில் ஒவ்வொரு மனைக்கும் 'நில வகை' என்று ஒரு கட்டம் உண்டு: சாலி என்றால் தாழ்ந்த நெல்வயல், டாங்கா என்றால் மேட்டுநிலம், வாஸ்து என்றால் வீட்டுமனை, ஜலா, டோபா, புக்குர் என்றால் நீர். ஒரு பேரி அழிவதற்கு முதலில் மண் வேண்டியதில்லை. அக்கட்டத்தில் ஒரு சொல் மாறினாலே போதும்.

2017-ஆம் ஆண்டு மைய அரசின் ஈரநில விதிகள் வேறொரு திசையில் சென்றன. குடிநீர், பாசனம், உப்பு விளைவித்தல், மீன் வளர்ப்பு ஆகியவற்றுக்கென மனிதர் அமைத்த நீர்நிலைகளை அவ்விதிகள் ஈரநிலம் என்பதிலிருந்து நீக்கின. ராம்சரின் 'செயற்கையாயினும்' என்னும் சொல் இங்கு ஏறத்தாழ மறுக்கப்பட்டது. ராம்சர் பட்டியலில் ஏற்கெனவே இடம்பெற்றதாலும் தனிச்சட்டம் உள்ளதாலும் கிழக்குக் கொல்கத்தாவுக்கு உடனடி இடர் இல்லை. பட்டியலில் சேராத வேறு ஊர்ப் பேரிகளுக்கும், தமிழ்நாட்டின் பல்லாயிரம் பாசன ஏரிகளுக்கும் அவ்விதியில் இடமில்லை. நம் ஏரி ஈரநிலமா என்ற வினாவுக்கு ராம்சர் 'ஆம்' என்கிறது. விதி 'அன்று' என்கிறது. இரண்டையும் ஒரே தமிழ்ச்சொல்லால் பெயர்ப்பவர் இவ்வேறுபாட்டை அடிக்குறிப்பிலேனும் காட்ட வேண்டும்.

'ஈரநிலம்', 'சதுப்பு நிலம்' என்னும் இரண்டும் தமிழில் கலந்து வழங்குகின்றன. சதுப்பு என்பது சேறு படிந்த நிலத்தைக் குறிக்கும் பழஞ்சொல், ஈரநிலம் புத்தாக்கம். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணையைச் சதுப்பு நிலம் என்பது பொருத்தமே. ஆழ்ந்த நீர்நிலைகளையும் கடலோர நீரையும் சதுப்பு என்பது பொருந்தாது. வடகடற்கரைப் பகுதியில் 'கழுவெளி' என்று ஒரு சொல் உண்டு. உவர்நீரும் மழைநீரும் கலந்து பரவும் தாழ்வெளி என்னும் பொருளில் அது வழங்குகிறது. மரக்காணம் அருகிலுள்ள கழுவெளி 2024-இல் ராம்சர் பட்டியலில் தன் சொந்தப் பெயராலேயே இடம்பெற்றது. பொதுப்பெயர் ஒன்று சிறப்புப்பெயராகி உலக ஆவணத்தில் ஏறியது. பேரிக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

பரவலாக வழங்கும் 'நகரின் சிறுநீரகம்' என்னும் உருவகம் பற்றியும் கூறவேண்டும். மக்களுக்கு எளிதில் விளங்குவது என்பதில் ஐயமில்லை. ஆனால் சிறுநீரகம் தானே இயங்கும் உறுப்பு. அதற்கு ஊதியம் தேவையில்லை. அதிகாலையில் வலையிழுப்பவரும் மதகு காப்பவரும் கரை கட்டுபவரும் அவ்வுருவகத்தில் இல்லை. எனக்கு அது உவப்பானதாக இல்லை.

உள்ளாட்சியின் இரு அகராதிகள்

இந்நிலம் மாநகராட்சிகள், ஊராட்சிகள் என இருவகை உள்ளாட்சிகளில் பரவியுள்ளது. 1992-இல் நிறைவேறிய 73, 74-ஆம் அரசமைப்புத் திருத்தங்கள் இவற்றுக்கு இருவேறு பட்டியல்களைத் தந்தன. ஊராட்சிக்குரிய பதினொன்றாம் பட்டியலில் 'மீன்வளம்' உண்டு. சுற்றுச்சூழல் என்னும் தலைப்பு இல்லை. நகராட்சிக்குரிய பன்னிரண்டாம் பட்டியலில் 'சுற்றுச்சூழற் பாதுகாப்பு' உண்டு, மீன்வளம் இல்லை. ஒரே நீர்ப்பரப்பு சாலைக்கு இப்புறம் சூழலாகவும் அப்புறம் மீனாகவும் ஆகிறது. நகரம் காக்க வேண்டியதை ஊர் விளைவிக்க வேண்டும். விளைவிப்பதே இங்குக் காப்பது என்று கூறும் சொல் இரு பட்டியலிலும் இல்லை.

2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. அக்குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. இங்கும் பெயர் பற்றி ஒரு குறிப்பு. வங்காளத்தின் 'ஜீவ்வைசித்ர்ய' உயிரின் வேறுபாட்டைச் சுட்டுவது. தமிழில் 'பல்லுயிர்', 'உயிரினப் பன்மை', 'பல்லுயிர்ப் பெருக்கம்' ஆகியன வழங்குகின்றன. இறுதியிலுள்ளது தவறான கருத்தைத் தருகிறது. கட்டுப்பாடின்றி ஆகாயத்தாமரை பெருகினால் அதுவும் பெருக்கமே. அங்கு பன்மை குறையும். இம்மூன்றில் 'உயிரினப் பன்மை'யே பொருளுக்கு நெருக்கமானது.

உயிரினப் பன்மையை 'மீட்டல்' என்று திட்டம் கூறும்போது எந்நிலைக்கு மீட்பது என்ற வினா எழுகிறது. 1900-இன் உவர்நீரில் இருந்த மீன்கள் வேறு. 1943-க்குப் பின் வந்தவை வேறு. இன்று வளர்க்கப்படும் வெள்ளிக் கெண்டையும் திலேப்பியாவும் வெளிநாட்டு வரவு. நாணற்காட்டு நல்பனை மீட்பதாயின் பேரியைக் கைவிட வேண்டியிருக்கும். ஆண்டைக் குறிக்காத 'மீட்பு' என்னும் சொல் இங்குப் பொருள் முழுமை பெறாத சொல்லே.

பதிவேட்டின் படிவத்தில் அறிவியற் பெயருக்கும் உள்ளூர்ப் பெயருக்கும் இடம் உண்டு. அப்படிவம் இனத்தை அலகாகக் கொள்வது. பேரியில் உழைப்போரின் சொற்களோ பருவத்தை அலகாகக் கொள்கின்றன. முட்டையிலிருந்து அப்போது வெளிவந்தது 'டிம் போனா'. டிம் என்பது முட்டை. நெல்மணி அளவினது 'தானி போனா'. நடுவதற்கேற்ற நாற்றின் பெயரைப் பெற்றது 'சாரா போனா'. இம்மூன்றும் ரோகுவாக இருக்கலாம். படிவத்தில் ஒரே வரிக்குள் அடங்கிவிடும். குளங்களுக்கும் இவ்வாறே பருவப் பெயர் உண்டு. குஞ்சுகளை முதலில் விடும் சிறுகுளம் 'ஆந்துர் புக்குர்', அதாவது பேறுகால அறைக் குளம். பின்னர் வளர்ப்புக் குளம். இறுதியில் இருப்புக் குளம். தமிழில் மீன்வளத் துறையினர் முதலாவதை 'நாற்றங்கால் குளம்' என்கின்றனர். வங்காளம் மகப்பேற்றிலிருந்தும் தமிழ் வயலிலிருந்தும் உருவகம் கொண்டன. இரண்டும் நல்ல சொற்கள்.

அச்சிறுகுளம் பல வேளைகளில் ஐந்து கட்டாவுக்கும் குறைவானது. ஈரநிலச் சட்டத்தின் எல்லைக்குள் அது மனை எண் வாரியாகக் காக்கப்படுகிறது. எல்லைக்கு வெளியே 17அ பிரிவின் அளவைக்கு அது எட்டுவதில்லை. பதிவேட்டிலும் அதற்குத் தனி வரி இல்லை. அதனைத் தூர்த்தால் அடுத்த பருவத்தில் பெருங்குளத்துக்கு விடக் குஞ்சுகளை வெளியிலிருந்து வாங்க வேண்டும். உள்ளூர்ப் பெயர் என்னும் கட்டத்தில் குளத்தின் பருவப் பெயரையும் எழுத இடம் தந்தால், அக்குளம் குறைந்தது ஓர் ஆவணத்திலாவது இடம்பெறும்.